உலக மன்றங்களிற் சிறு நாடுகளின் ஆசனம்

கல்லூரியின் விழா மலரிலே உலக மன்றங்களைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். கல்லூரியின் தோற்றமும் வளர்ச்சியும், அதனைக் கட்டியெழுப்பிய பெரியார்களின் தொண்டும், விளையாட்டுத் துறையில் ஈட்டிய வெற்றிகளும் பேசப்படவேண்டிய இடம் இதுவே என்பதில் ஐயமில்லை. ஆயினும் இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர்களுட் பலர் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். உலகம் அவர்களுக்கு ஊராகிவிட்டது. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவனோ, தன் வீட்டு அடுப்பிற்கு வேண்டிய மண்ணெண்ணெயின் விலையும், தனக்கு ஏற்றப்படும் தடுப்பு மருந்தும், தன் நாடு பெறும் கடனும் தொலைதூர நகரங்களிற் கூடும் சில சபைகளின் முடிவுகளோடு தொடர்புற்றவை என்பதை அறியாதவனாய் இருத்தலாகாது. ஆதலின் அச்சபைகளில் யார் அமர்கின்றனர், யார் சார்பில் அமர்கின்றனர் என்னும் வினாவை இம்மலரில் எழுப்புதல் பொருத்தமற்றதன்று.

சர்வதேசத் தாபனம் ஒவ்வொன்றிற்கும் பொதுவாக இரண்டு அவைகள் உண்டு. ஒன்று, அங்கத்துவ நாடுகள் யாவும் கூடும் பேரவை. மற்றையது, ஒரு சிலரே அமர்ந்து காரியங்களை நடாத்தும் ஆளும் சபை. பேரவையிலே சிறு நாட்டிற்கும் பெரு நாட்டிற்கும் ஒவ்வொரு வாக்கு இருத்தல் கூடும். ஆனால் பேரவை ஆண்டிற்கொருமுறை கூடிக் கலைவது. அன்றாடம் ஆணையிடுவதும், பணத்தைப் பங்கிடுவதும், நெருக்கடி வேளையில் முடிவு செய்வதும் ஆளும் சபையே. எல்லா நாடுகளும் அதில் அமர இயலாது. ஆகவே சிலர் பலருக்காக அமரவேண்டும். அச்சிலரை எவ்வாறு தெரிவது என்பதிலேதான் பிராந்தியப் பிரதிநிதித்துவம் என்னும் கொள்கை பிறக்கின்றது.

இக்கொள்கை எளிதிற் பிறந்துவிடவில்லை. 1919 ஆம் ஆண்டிலே சர்வதேசத் தொழில் தாபனத்தின் முதல் மாநாடு வாஷிங்டன் நகரிற் கூடியபோது, அதன் ஆளும் சபைக்கு 24 பேர் தெரிவாயினர். அவர்களுள் 20 பேர் ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலகத் தொழிலாளர் நலனைக் காக்கவென எழுந்த சபையில் ஏனைய கண்டங்கள் யாவற்றிற்கும் எஞ்சியவை நான்கே இடங்கள். அம்மாநாடே இதனை ஏற்றுக்கொள்ளாது தனது அதிருப்தியைத் தீர்மானமாகப் பதிவு செய்தது. கைத்தொழிலில் முதன்மை வாய்ந்த நாடுகளின் வரிசையிலே தனக்கும் இடம் வேண்டும் என்று வாதிட்ட இந்தியா, அந்நியர் ஆட்சியின் கீழ் இருந்த நிலையிலும், 1922 இல் அந்த இடத்தைப் பெற்றது. கேளாதவர்க்கு ஆசனம் கிடைப்பதில்லை என்பதற்கு இது முதற் சான்று.

உலக சங்கத்தின் வரலாறும் இதனையே காட்டும். 1920 இல் அதன் சபையில் நிரந்தர அங்கத்தவர் நால்வரும் தெரிவு செய்யப்பட்டோர் நால்வரும் இருந்தனர். இலத்தீன் அமெரிக்காவிற்கு நிரந்தர இடமில்லாமையைச் சுட்டிக்காட்டிய பிரேசில், தனது கோரிக்கை ஏற்கப்படாமையால் 1926 இற் சங்கத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. ஆசனம் மறுக்கப்பட்டோர் அவையை விட்டு வெளியேறுவர். அவர் வெளியேறவே அவையின் மதிப்புங் குன்றும்.

1945 இற் சான் பிரான்சிஸ்கோ நகரில் எழுதப்பட்ட ஐக்கிய நாடுகள் சாசனம் இப்படிப்பினையை ஓரளவே ஏற்றுக்கொண்டது. பாதுகாப்புச் சபைக்கு 11 அங்கத்தவர். அவர்களுள் ஐவர் நிரந்தரமானவர், தடுப்புரிமை உடையவர். எஞ்சிய அறுவரை ஈராண்டுக் காலத்திற்கெனத் தெரியும்போது, உலக சமாதானத்திற்கு அவர்கள் ஆற்றும் பணியை முதலிலும், நீதியான புவியியற் பங்கீட்டை அதன் பின்னரும் கருத்திற் கொள்ளவேண்டும் எனச் சாசனத்தின் 23 ஆம் உறுப்புரை கூறிற்று. அடுத்த ஆண்டிலே வல்லரசுகள் தமக்குள் ஓர் இணக்கம் செய்துகொண்டன. இலத்தீன் அமெரிக்காவிற்கு இரண்டு, மேற்கு ஐரோப்பாவிற்கு ஒன்று, கிழக்கு ஐரோப்பாவிற்கு ஒன்று, மத்திய கிழக்கிற்கு ஒன்று, பொதுநலவாய நாடுகளுக்கு ஒன்று என்பதே அவ்விணக்கம். சீனாவின் நிரந்தர ஆசனம் ஒருபுறமிருக்க, பரந்த ஆசியக் கண்டத்திற்கென ஒரு சொல்லும் ஆபிரிக்காவிற்கென ஒரு சொல்லும் அதில் இல்லை. தாபனத்தை ஆரம்பித்த 51 நாடுகளுள் ஆபிரிக்கக் கண்டத்தவை எகிப்து, எதியோப்பியா, லைபீரியா, தென்னாபிரிக்கா என்னும் நான்கே. இல்லாதவர்க்குப் பங்கு வைப்பார் யார்?

இலங்கையின் அனுபவம் இங்கே நினைவுகூரத்தக்கது. 1948 இற் சுதந்திரம் பெற்ற உடனேயே எமது நாடு அங்கத்துவம் கோரிற்று; சோவியத் யூனியனின் தடுப்புரிமையால் அக்கோரிக்கை தடைப்பட்டது. 1955 டிசெம்பர் 14 ஆம் நாளிலேதான், வேறு பல நாடுகளோடு ஒருங்கே இலங்கையும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. பின்னர் 1960, 1961 ஆம் ஆண்டுகளில் இலங்கை பாதுகாப்புச் சபையில் அமர்ந்தது. அவ்வாசனம் எவ்வழி வந்தது என்பதை எம்மிற் பலர் அறியார். அவுஸ்திரேலியா, கனடா, இந்தியா, பாக்கிஸ்தான், நியூசிலாந்து என்னும் நாடுகள் மாறி மாறி வகித்து வந்த பொதுநலவாய ஆசனமே இலங்கைக்கு வாய்த்தது. ஆசிய நாடு என்ற முறையில் ஆசனம் பெற அன்று வழியே இருக்கவில்லை.

ஆயினும் அமர்ந்த இரண்டு ஆண்டுகளில் இலங்கை வீணே அமர்ந்திருக்கவில்லை. 1960 யூன் 30 இற் கொங்கோ சுதந்திரம் பெற்றது. சில நாட்களுக்குள் அங்கே கலகம் மூண்டது. பெல்ஜியப் படைகள் மீண்டும் உட்புகுந்தன. அவ்வேளையில், பெல்ஜியப் படைகள் விரைவில் வெளியேறவேண்டும் எனக் கோரிய தீர்மானத்தை இலங்கையும் தூனிசியாவும் ஒருங்கே முன்வைத்தன. யூலை 22 இற் சபை அதனை ஏகமனதாக ஏற்றது. ஆகஸ்ட் 9 இல் நிறைவேறிய அடுத்த தீர்மானமும் அவ்விரு நாடுகளின் ஆக்கமே. வல்லரசுகள் இரண்டும் ஒன்றையொன்று நம்பாத காலத்தில், இரு திறத்தாரும் ஏற்கக்கூடிய சொற்களைத் தேடித் தந்தவை இவ்விரு சிறு நாடுகளே. சிறு நாட்டிற்கு ஆசனம் கொடுப்பது தயவினாற் செய்யும் தருமம் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை ஆராய்வாராக.

1960 இல் மட்டும் 17 புதிய நாடுகள் ஐக்கிய நாடுகள் தாபனத்திற் சேர்ந்தன. அவற்றுள் 16 ஆபிரிக்க நாடுகள். பழைய இணக்கம் இனியும் தாங்காது என்பது தெளிவாயிற்று. 1963 டிசெம்பர் 17 இற் பொதுச் சபை சாசனத்தைத் திருத்தத் தீர்மானித்தது. பாதுகாப்புச் சபை 15 பேர் கொண்டதாகும். தெரிவு செய்யப்படும் பதின்மருள் ஆசியாவிற்கும் ஆபிரிக்காவிற்கும் ஐந்து, கிழக்கு ஐரோப்பாவிற்கு ஒன்று, இலத்தீன் அமெரிக்காவிற்கு இரண்டு, மேற்கு ஐரோப்பாவிற்கும் பிற நாடுகளுக்கும் இரண்டு என வகுக்கப்பட்டது. அந்நாளில் நிரந்தர அங்கத்தவர் ஐவருள் ஆதரித்து வாக்களித்தது சீனா ஒன்றே. எனினும் 1965 இல் ஐவரும் திருத்தத்தை ஏற்று உறுதிசெய்தனர். மாற்றம் இயலாதது என்று இன்று கூறுவோர்க்கு இவ்வரலாறே விடை.

அன்று வகுத்த பங்கீடு அறுபது ஆண்டுகளைக் கடந்தும் அவ்வாறே நிற்கின்றது. அங்கத்துவ நாடுகளோ இப்பொழுது 193. ஆபிரிக்கக் குழுவில் 54 நாடுகள். அவற்றிற்கு மூன்று ஆசனங்கள். ஆசிய பசிபிக் குழுவில் ஐம்பதிற்கு மேற்பட்ட நாடுகள், அவற்றிற்கு இரண்டு. தமக்கு நிரந்தர ஆசனங்கள் இரண்டும், நிரந்தரமற்றவை ஐந்தும் வேண்டும் என ஆபிரிக்க நாடுகள் 2005 இல் ஒருமித்துக் கோரின. ஆபிரிக்காவிற்கு இழைக்கப்பட்ட அநீதி நீக்கப்படவேண்டும் என்பதை 2024 செப்டெம்பரில் உலகத் தலைவர்கள் நியூயோர்க்கிற் கூடி ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையும் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டமை நன்று, ஆசனங்களின் தொகை இன்னும் கூடவில்லை.

ஆனால் யாம் இங்கு வலியுறுத்த விரும்புவது வேறொன்று. பிராந்தியத்திற்கு ஆசனம் கிடைப்பதும், பிராந்தியத்திலுள்ளார் யாவரும் பிரதிநிதித்துவம் பெறுவதும் ஒன்றாகா. ஆசிய பசிபிக் குழுவை நோக்குக. இலெபனான் முதல் பசிபிக் தீவுகள் வரை பரந்து கிடக்கும் ஒரு தொகுதி அது. அதிலே யப்பான் 12 முறை பாதுகாப்புச் சபைக்குத் தெரிவாகியுள்ளது. இந்தியா 8 முறை. பாக்கிஸ்தான் 8 முறை. வங்காளதேசமும் நேபாளமும் இவ்விரண்டு முறை. இலங்கை 1961 இன் பின்னர் ஒரு முறைதானும் அமரவில்லை. பூட்டானும் மாலைதீவும் ஒருபொழுதும் அமர்ந்ததில்லை. 2018 இல் மாலைதீவு துணிந்து போட்டியிட்டது. இந்தோனேசியா 144 வாக்கும் மாலைதீவு 46 வாக்கும் பெற்றன. கடல் மட்டம் உயர்வதால் தன் நிலத்தையே இழக்கக்கூடிய ஒரு நாடு, உலகப் பாதுகாப்பைப் பற்றிப் பேச இரண்டாண்டு இடம் பெறமுடியாது போயிற்று.

ஆபிரிக்கக் குழுவின் வழக்கம் இதனின் வேறானது. வடக்கு, மேற்கு, கிழக்கு, தெற்கு, நடு எனத் தம்மை உட்பிரிவுகளாக வகுத்து, ஆசனங்கள் அவற்றிடையே முறைவைத்துச் செல்லும்படி அந்நாடுகள் செய்துள்ளன. அம்முறையிலும் குறைகள் உண்டு. பெரிய நாடுகள் முறை தவறி முந்துவதும் உண்டு. ஆயினும் முறை என ஒன்று இருத்தலால், முந்துவோன் முறை தவறினான் என்று சுட்டிக்காட்டவாவது முடிகின்றது. முறையே இல்லாத இடத்திற் பலமுள்ளவன் பெறுவதே முறையாகிவிடும்.

முறை வைத்தால் என்ன விளையும் என்பதற்குச் சான்று அதே தாபனத்தில் உண்டு. பொதுச் சபையின் தலைமைப் பதவி ஐந்து பிராந்தியங்களுக்கும் சுழன்று வருகின்றது. அச்சுழற்சியினாலேயே 1976 இல் எமது நாட்டவரான சேர்லி அமரசிங்க அவர்கள் அவ்வுயர்ந்த பதவியை அலங்கரித்தார். 2021 இல் மாலைதீவைச் சேர்ந்த அப்துல்லா சாகித் அவர்கள் அதனை ஏற்றார். பாதுகாப்புச் சபையின் வாயிலில் நிறுத்தப்பட்ட நாடு, மூன்று ஆண்டுகளின் பின் பொதுச் சபையின் தலைமை ஆசனத்தில் அமர்ந்தது. ஆற்றல் இல்லாமையால் அந்நாடு முன்பு பின்தள்ளப்படவில்லை என்பதை இதனின் மேலாக எவ்வாறு நிறுவலாம்? உலக சுகாதாரத் தாபனத்தின் 34 பேர் கொண்ட நிருவாக சபையிலும் பிராந்தியம் ஒவ்வொன்றிற்கும் மூன்றிற் குறையாத இடங்கள் உறுதிசெய்யப்பட்டுள்ளன. தென்கிழக்காசியப் பிராந்தியத்திற்குக் கிடைத்து வந்த மூன்று இடங்கள் அதன் மக்கட்டொகைக்குச் சிறிதும் போதா; எனினும் மாலைதீவு, கிழக்குத் தீமோர் போன்ற சிறு நாடுகளும் அச்சபையில் இடம் பெற்றுள்ளன.

பிராந்தியம் என்னும் சொல்லே சில வேளைகளில் எம்மை மயக்கும். பூமிசாத்திரப் படத்தில் ஆசியாவிலுள்ள இஸ்ரேல், ஆசியக் குழுவிற் சேர்க்கப்படாமையால், 2000 ஆம் ஆண்டிலே மேற்கு ஐரோப்பியக் குழுவில் இடம் பெற்றது. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அதே குழுவிலேதான் உள்ளன. உலக சுகாதாரத் தாபனத்திலே வட கொரியா தென்கிழக்காசியாவிலும், தென் கொரியா மேற்குப் பசிபிக்கிலும் உள்ளன. 2025 இல் இந்தோனேசியாவும் முன்னதிலிருந்து பின்னதற்கு மாறிற்று. ஆகவே எல்லைகள் இயற்கை வகுத்தவை அல்ல, மனிதர் வகுத்தவை. மனிதர் வகுத்ததை மனிதர் திருத்தலாம்.

இனி, எமது வாழ்வை மிக அண்மையிற் தொட்ட சபையை நோக்குவோம். 2022 ஏப்ரல் 12 இல் இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. அக்காலத்தில் எரிபொருளுக்காக மக்கள் வரிசையில் நின்றதையும், மருந்துக்கும் தாளுக்கும் தட்டுப்பாடு நேர்ந்ததையும் இம்மலரின் இளைய வாசகர்களும் மறந்திரார். 2023 மார்ச் 20 இல், ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவியைச் சர்வதேச நாணய நிதியத்தின் நிறைவேற்றுச் சபை அங்கீகரித்தது. அதனோடு வரி, மின்கட்டணம், அரச செலவு என்பவை பற்றிய நிபந்தனைகளும் வந்தன. அச்சபையில் இலங்கைக்கெனத் தனி ஆசனம் உண்டா? இல்லை. இந்தியா, வங்காளதேசம், பூட்டான், இலங்கை என்னும் நான்கு நாடுகளுக்கும் ஒரே ஆசனம். நிதியத்தில் வாக்கு பணத்தின் அளவைப் பொறுத்தது. ஆதலின் அத்தொகுதியில் இந்தியாவின் வாக்கே பெரிது. பணிப்பாளர் பதவியும் இந்தியாவிடமே இருந்து வருகின்றது. மேலும் ஒரு தொகுதியின் வாக்குகளைப் பணிப்பாளர் பிரித்து அளித்தல் இயலாது. நான்கு நாடுகளின் வாக்கும் ஒரே வாக்காக விழும்.

அயல் நாடான இந்தியா அந்நெருக்கடியில் எமக்குச் செய்த உதவியை யாம் மறக்கவில்லை. ஆனால் அதே இந்தியா எமக்குக் கடன் கொடுத்த நாடுகளுள் ஒன்றுமாகும். கடன் கொடுத்தவனே கடன்பட்டவனுக்காகவும் அவையிற் பேசவேண்டிய நிலை, இருவர்க்குமே சங்கடமானது. குறை தனியொரு நாட்டின் மேலதன்று; அமைப்பின் மேலது. இதனினும் கடுமையான நிலை ஆபிரிக்காவிற்கு இருந்தது. சகாராவிற்குத் தெற்கேயுள்ள நாற்பதிற்கு மேற்பட்ட நாடுகள் பல ஆண்டுகளாக இரண்டே பணிப்பாளரைப் பகிர்ந்துகொண்டன. 2024 நவம்பரிலேதான் அவர்களுக்கு மூன்றாம் ஆசனம் கிடைத்துச் சபை 25 பேர் கொண்டதாயிற்று. ஐக்கிய அமெரிக்காவோ தனியாகவே அமர்ந்து, நூற்றுக்குப் பதினாறு வீதத்திற்கு மேற்பட்ட வாக்கை வைத்திருக்கின்றது. முக்கியமான மாற்றங்களுக்கு 85 வீத வாக்கு வேண்டும் என்பது விதி. ஆகவே அந்நாடு விரும்பாத பெரு மாற்றம் எதுவும் அங்கே நிகழாது.

இதற்கு மறுப்புரைப்போர் கூற்றையும் கேட்போம். பெரும் பணம் கொடுப்பவர்க்கும் படை அனுப்புபவர்க்கும் பெரிய பங்கு இருத்தல் நியாயமன்றோ என்பர். ஆற்றலில்லாத நாடு சபையில் அமர்ந்தாற் காரியம் கெடும் என்பர். சபை பெருத்தால் முடிவு தாமதிக்கும் என்பர். இவை புறக்கணிக்கத்தக்க வாதங்கள் அல்ல. பொறுப்பைச் சுமப்பவன் சொல்லுக்கு மதிப்பளித்தல் வேண்டும். ஆயினும் பணம் கொடுப்பவன் சுமை ஒன்று. முடிவின் பயனை அனுபவிப்பவன் சுமை மற்றொன்று. நிபந்தனையின் பாரத்தைத் தாங்குபவன் ஏழை நாட்டுக் குடிமகனே. ஆற்றலைப் பொறுத்தவரை கொங்கோவில் இலங்கையும் தூனிசியாவும் செய்த பணியை மேலே கூறினோம். தாமதத்தைப் பொறுத்தவரையோ, பாதுகாப்புச் சபையின் முடிவுகளைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் நிரந்தர அங்கத்தவரின் தடுப்புரிமையேயன்றிச் சிறு நாடுகளின் தொகையன்று.

தமிழ் கற்பிப்போன் என்ற முறையில் ஒரு பழைய சான்றையும் இங்கே தருதல் என் கடமை. முதலாம் பராந்தக சோழன் காலத்திலே, 919, 921 ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூரிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்படும்; ஒரு சிறுவன் அதனை எடுப்பான்; குடும்பிற்கு ஒருவராக 30 பேர் வாரியங்களுக்குத் தெரிவாவர். அண்மையில் மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் தெரிவு பெறார். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்படுவர். அவ்வூர் அந்தணர் ஊர். நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அவ்வுரிமை இருந்தது. ஆகவே அதனை இன்றைய குடியாட்சி எனப் புகழ்ந்துரைத்தல் மிகையாகும். எனினும் மூன்று உண்மைகளை அவ்வூரார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்டனர். பிரிவு ஒவ்வொன்றிற்கும் இடம் வேண்டும். இருந்தவரே இருத்தல் ஆகாது. அமர்ந்தவர் கணக்குக் காட்டவேண்டும்.

உலக சபைகளுக்கும் இம்மூன்றே போதும். முதலாவதாக, ஆசிய பசிபிக் குழுவும் ஆபிரிக்கர் போன்று தன்னை உட்பிரிவுகளாக வகுத்து, தெற்காசியா, தென்கிழக்காசியா, மேற்காசியா, பசிபிக் தீவுகள் என்பவற்றிற்கு முறை வைத்தல் வேண்டும். இதற்குச் சாசனத்தைத் திருத்தவேண்டியதில்லை. அயலவர் தம்முட் கூடிப் பேசினாற் போதும். இரண்டாவதாக, ஈராண்டு அமர்ந்த நாடு உடனே மீளத் தெரிவாகலாகாது எனச் சாசனம் விதித்துள்ளது. அவ்விதியின் கருத்தைப் பிராந்தியக் குழுக்கள் மேலும் விரித்து, ஒருமுறையும் அமராத நாட்டிற்கு முதலிடம் அளித்தல் வேண்டும். மூன்றாவதாக, பலருக்காக அமர்பவர் பலரையும் கலந்து பேசி, தாம் செய்ததை அவர்க்கு எடுத்துரைத்தல் கட்டாயமாதல் வேண்டும். நாணய நிதியத்திலே ஒரு நாட்டின் கடன் ஆராயப்படும்போது, அந்நாட்டின் கருத்து எழுத்தில் அவ்வாறே சபை முன் வைக்கப்படுதலும் அதன் பாற்படும்.

தொகையிற் சிறியோரின் குரல் பெரியோர் அவையில் எவ்வாறு ஒலித்தல் வேண்டும் என்னும் வினா எமது நாட்டினர்க்குப் புதியதன்று. அதனை ஊரிலும் நாட்டிலும் கேட்கும் நாம் உலகிலும் கேட்டல் முறையே. அவ்வாறு கேட்போர்க்கு ஒரு கடப்பாடும் உண்டு. பெரியோரிடம் பங்கு கேட்கும் நாம் எம்மிற் சிறியோர்க்குப் பங்கு கொடுத்தல் வேண்டும். எமது சங்கங்களிலும் ஆலய பரிபாலன சபைகளிலும் கிராம மன்றங்களிலும் ஆண்டுதோறும் ஒரே முகங்களைக் காண்போமாயின், நியூயோர்க்கைக் குறைகூற எமக்கு என்ன தகுதி?

மாணவர்களே, உலகப் படத்தில் எமது தீவு ஒரு துளி போலத் தோன்றலாம். அத்துளியிலிருந்து சென்ற ஒருவர் உலகப் பேரவைக்குத் தலைமை தாங்கினார் என்பதையும், அத்துளி நாடு ஒரு பெரும் போரின் விளிம்பிற் சமாதானச் சொற்களைத் தேடித் தந்தது என்பதையும் மறவாதீர்கள். சாசனங்களையும் சபைகளின் விதிகளையும் கற்றறியுங்கள். பிறமொழிகளைப் பழுதறப் பயிலுங்கள். நாளை அவ்வவைகளில் எழுந்து பேசும் வாய்ப்பு உங்களுள் ஒருவர்க்கு வாய்க்குமாயின், அங்கே ஆசனமில்லாத நாடுகளையும் நினைந்து பேசுங்கள். எமது கல்லூரி அத்தகைய மாணவர்களை என்றும் ஈன்றளிப்பதாக.